ஊரார் திரும்பப் பெறாத தீர்ப்பு

தவறான தீர்ப்பு ஒன்று பின்னொரு நாள் நீக்கப்பட்டால் என்ன நிகழும் என்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் விடை சொல்வோம். சிறைக்கதவு திறக்கும், குற்றமற்றவன் வெளியே வருவான், அவனைப் பழித்த ஊர் வெட்கித் தலைகுனியும். தான் வழங்கிய தீர்ப்பு பிழையென்று தெளிந்த கணத்திலேயே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்ட பாண்டியன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, பிழையை உணர்வதும் அதற்கு ஈடுசெய்வதும் ஒரே மூச்சில் நடந்தேறும் என எதிர்பார்க்கிறோம்.

வரலாறு அவ்வளவு விரைந்து நடப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில் 1931-ஆம் ஆண்டு கறுப்பினத்தைச் சேர்ந்த ஒன்பது இளைஞர்கள்மீது ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 'ஸ்காட்ஸ்பரோ சிறுவர்கள்' வழக்கு என உலகம் அறிந்த வழக்கு அது. அவர்களுக்கெதிரான தீர்ப்புகள் மூன்று முறை நீக்கப்பட்டன. நீதிமன்றங்கள் என்ன கூறின என்பதைச் சட்ட நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. ஒவ்வொரு முறையும் மக்கள் என்ன செய்தார்கள் என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

பன்னிரண்டு நாட்களில் ஒரு தீர்ப்பு

பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் காலம் அது. வேலை தேடி அலைந்த ஏழை மக்கள், வெள்ளையரும் கறுப்பினத்தவருமாக, பயணச்சீட்டின்றிச் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். 1931 மார்ச் 25 அன்று டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரிலிருந்து மெம்ஃபிஸ் நோக்கிச் சென்ற ரயில் ஒன்று, வழியில் அலபாமாவின் வடபகுதியைக் கடந்தது. அதில் இரு தரப்பு இளைஞர்களுக்கிடையே சண்டை மூண்டது. வெள்ளை இளைஞர்கள் சிலர் கீழே தள்ளப்பட்டனர். அவர்கள் அடுத்த நிலையத்தில் புகார் செய்ய, பெயின்ட் ராக் என்னும் சிற்றூரில் ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று ரயிலை நிறுத்தியது. கையில் அகப்பட்ட கறுப்பின இளைஞர் ஒன்பதுபேரும் கட்டுண்டனர்.

அதே ரயிலில், ஆண்களின் உடையணிந்து பயணம் செய்த வெள்ளைப் பெண்கள் இருவரும் இருந்தனர். ஹண்ட்ஸ்வில் நகரத்துப் பருத்தி ஆலைகளில் அரைவயிற்றுக் கூலிக்கு உழைத்தவர்கள் அவர்கள். விக்டோரியா பிரைசுக்கு வயது 21. ரூபி பேட்சுக்கு 17. கறுப்பின இளைஞர்கள் தங்களைக் கெடுத்துவிட்டதாக அவர்கள் கூறினர். அந்நாளைய தென்பகுதியில் அப்படியொரு சொல் எழுந்துவிட்டால், அதற்குமேல் விசாரணை வேண்டியதில்லை என்றே ஊரார் கருதினர். அன்று மாலை ஸ்காட்ஸ்பரோ சிறையைச் சூழ்ந்த கூட்டத்தைத் தடுக்க, ஆளுநர் தேசியக் காவற்படையை அனுப்பவேண்டியதாயிற்று.

பிடிபட்டவர்களுள் பெரும்பாலோர் இருபது வயது நிரம்பாதவர்கள். மிக இளையவர்களான ராய் ரைட், யூஜீன் வில்லியம்ஸ் இருவரும் பதின்மூன்று வயதளவில் இருந்தனர். ஓலன் மான்ட்கமரிக்குக் கண்பார்வை மிகக் குறைவு. வில்லி ராபர்சன் கடும் நோயால் தடியூன்றி நடந்தவர். நால்வர் மட்டுமே ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். மற்றவர்கள் ஒரே ரயிலில் ஏறியதால் மட்டும் ஒரே வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள்.

கைதான பன்னிரண்டாம் நாள், ஏப்ரல் 6 அன்று, விசாரணை தொடங்கியது. அவர்கள் சார்பில் நின்றவர்கள் இருவர். ஒருவர் டென்னசியிலிருந்து வந்த, நிலபுலன் வழக்குகளில் பழகிய வழக்குரைஞர். மற்றவர் முதுமையால் தளர்ந்த உள்ளூர்க்காரர். நீதிமன்றத்தின் வெளியே ஆயிரக்கணக்கானோர் திருவிழாக் கூட்டம்போல் திரண்டிருந்தனர். முதல் தீர்ப்பு வெளியானபோது உள்ளே கைதட்டல் எழுந்தது. வெளியே கூட்டம் ஆரவாரித்தது. நான்கு நாட்களில் எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ராய் ரைட்டின் சிறுவயதைக் கருதி அரசுத்தரப்பே ஆயுள் தண்டனை போதுமென்றது. ஜூரியாக அமர்ந்த ஊர்மக்கள் பன்னிருவரில் சிலரோ அச்சிறுவனுக்கும் மரணமே வேண்டுமென்று பிடிவாதமாக நின்றதால், அவன் வழக்கு மட்டும் முடிவின்றிக் கலைந்தது.

அந்தக் கைதட்டலை நாம் மறக்கலாகாது. ஊரார் அன்று வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. தீர்ப்பு எழுதிய கைகளில் அவர்களுடைய கைகளும் இருந்தன.

முதல் நீக்கம்: மானப் பிரச்சினையான வழக்கு

1932 மார்ச்சில் அலபாமா உச்ச நீதிமன்றம் எழுவரின் தண்டனையை உறுதிசெய்தது. யூஜீன் வில்லியம்ஸ் வயதில் சிறியவர் என்பதால் அவருக்கு மட்டும் மறுவிசாரணை அளித்தது. தலைமை நீதிபதி ஜான் ஆண்டர்சன் ஒருவர் மட்டும், விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று மாறுபட்டு எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழு பேருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், தண்டனைகளை நீக்கியது. உயிர் பறிபோகும் வழக்கில் தக்க வழக்குரைஞரின் துணையின்றி ஒருவனை நிறுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று அது விளம்பியது. இன்றளவும் சட்டக்கல்லூரிகளில் பயிலப்படும் தீர்ப்பு அது.

இதற்குள் வழக்கு உலகெங்கும் பேசப்படலாயிற்று. பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்த சட்ட உதவி அமைப்பு வழக்கை ஏற்று நடத்தியது. ரைட் சகோதரர்களின் தாயான ஏடா ரைட் 1932-இல் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று, தம் பிள்ளைகளின் உயிருக்காக மேடைதோறும் முறையிட்டார். ஐரோப்பிய நகரங்களில் ஊர்வலங்கள் நடந்தன.

உலகம் குரல் கொடுக்கக் கொடுக்க, அலபாமாவின் நெஞ்சம் இறுகியது. 'அந்தச் சிறுவர்கள் குற்றம் செய்தார்களா?' என்னும் கேள்வி பின்னுக்குச் சென்று, 'நம்மைக் கேள்வி கேட்க இவர்கள் யார்?' என்னும் கேள்வி முன்னே வந்து நின்றது. 1933-இல் டிகேட்டர் நகரில் மறுவிசாரணை நடந்தபோது, சிறுவர்களுக்காக வாதிட்டவர் நியூயார்க்கின் புகழ்பெற்ற வழக்குரைஞர் சாமுவேல் லைபோவிட்ஸ். கட்டணம் பெறாமல் வந்தவர். அவர் யூதர் என்பதையே குறியாகக் கொண்டு, நியூயார்க் யூதரின் பணத்தால் அலபாமாவின் நீதியை விலைக்கு வாங்க இயலாதெனக் காட்டுமாறு அரசுத்தரப்பு வழக்குரைஞர் ஒருவர் ஜூரியிடம் வேண்டிக்கொண்டார். ஒரு மனிதனின் உயிரை மாநிலத்தின் மானத்தோடு முடிச்சிட்டுவிட்டால், சான்றுகள் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் பயனில்லை.

இரண்டாம் நீக்கம்: ஒரு நீதிபதி கொடுத்த விலை

சான்றுகள் தெளிவாகவே இருந்தன. ரூபி பேட்ஸ் நீதிமன்றத்துக்கு வந்து, தாம் முன்னர்ச் சொன்னது பொய்யென்று எதிர்த்தரப்புச் சாட்சியாக நின்று கூறினார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அப்பெண்களைச் சோதித்த மருத்துவரின் சாட்சியமும் குற்றச்சாட்டோடு பொருந்தவில்லை. ஆயினும் ஜூரி, ஹேவுட் பேட்டர்சனுக்கு மீண்டும் மரண தண்டனையே வேண்டுமென்றது.

வழக்கை விசாரித்த நீதிபதி ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன் அம்மண்ணின் மைந்தர், பழங்குடும்பத்தவர், மக்களால் மதிக்கப்பட்டவர். விசாரணையின்போது இளம் மருத்துவர் ஒருவர் தம்மைத் தனியே சந்தித்து, அப்பெண்கள் பொய்சொல்வதாகத் தாம் நம்புவதாகவும், ஆனால் அதைக் கூண்டிலேறிச் சொன்னால் தாம் ஊருக்குத் திரும்ப முடியாதென்றும் கூறியதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் ஹார்ட்டன் தெரிவித்தார். அம்மருத்துவர் பின்னர் அதை மறுத்தார். யார் நினைவு சரியானது என்பது ஒருபுறமிருக்க, உண்மையைச் சொன்னவர் ஊரில் வாழ முடியாத நிலை இருந்ததை யாரும் மறுக்கவில்லை.

தீர்ப்பை நீக்கினால் அரசியல் வாழ்வு முடிந்துவிடும் என ஹார்ட்டனுக்கு எச்சரிக்கைகள் வந்தன. 1933 ஜூன் 22 அன்று, தம் சொந்த ஊராகிய ஏதென்சின் நீதிமன்றத்தில், சாட்சியத்தை வரிவரியாக ஆராய்ந்து எழுதிய நீண்ட தீர்ப்பை அவர் வாசித்தார். குற்றம் சாட்டிய பெண்ணின் கூற்றுக்கு வேறு ஆதாரமில்லை. மற்றச் சான்றுகள் அதனோடு முரண்படுகின்றன. எனவே ஜூரியின் முடிவு நீக்கப்படுகிறது என்றார். வானமே இடிந்து விழினும் நீதி நடந்தேறட்டும் என்னும் பழைய லத்தீன் வாக்கைத் தம் தாயின் மடியிலேயே கற்றதாக அவர் பின்னாளில் குறிப்பிட்டார்.

வானம் இடியவில்லை, வாக்குப்பெட்டி இடித்தது. 1928-இல் எதிர்ப்பின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் 1934-இல் தோற்கடிக்கப்பட்டார். மீண்டும் நீதிபதியின் இருக்கையில் அவர் அமரவே இல்லை. அதே ஆண்டு, சிறுவர்களுக்கு மரண தண்டனை கேட்டு வாதிட்ட அரசுத் தலைமை வழக்குரைஞர் தாமஸ் நைட் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பினத்தவருள் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் அது. ஆகவே, 1931-இல் கைதட்டிய மக்களே 1934-இல் வாக்களித்தனர். நீக்கப்பட்ட தீர்ப்பை அவர்கள் தங்கள் வாக்குகளால் மீண்டும் எழுதினர்.

மூன்றாம் நீக்கம்: பாதி நீதி

வழக்கு வேறொரு நீதிபதியிடம் மாற்றப்பட்டது. அவர் ஜூரிக்கு அறிவுரை கூறுகையில், 'குற்றவாளி அல்லர்' என முடிவு செய்வதானால் அதை எவ்வாறு எழுதுவது என்று சொல்லவே மறந்தார். லைபோவிட்ஸ் நினைவூட்டிய பின்னரே சொன்னார். மறுபடியும் மரண தண்டனைகள். 1935 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றையும் நீக்கியது. அலபாமாவின் ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் பிற்பாடு செருகப்பட்டவை என்று லைபோவிட்ஸ் காட்ட, தலைமை நீதிபதி ஹியூஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அப்பேரேட்டைத் தாமே நோக்கினார்.

இம்முறை மாநிலம் சோர்ந்திருந்தது. 1937 ஜூலை 24 அன்று நால்வர்மீதான குற்றச்சாட்டுகளை அரசு கைவிட்டது. ராபர்சனும் மான்ட்கமரியும் குற்றமற்றவர்கள் என ஒப்புக்கொண்டது. மிக இளையவர் இருவரும் சிறுவயதில் ஆறாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தது போதும் என்றது. மற்ற ஐவரையும் சிறையிலேயே வைத்துக்கொண்டது. ஒரே ரயில், ஒரே குற்றச்சாட்டு, அதே சாட்சி. அப்பெண்ணின் சொல் நால்வரைப் பொறுத்துப் பொய்யென்றால், மற்றவர்களைப் பொறுத்து அது எங்ஙனம் மெய்யாகும்? விடை தேடுவோர் சட்டத்தில் தேடிப் பயனில்லை. ஊராரின் முகம் வாடாதிருக்க வேண்டுமானால் சிலரேனும் குற்றவாளிகளாய் எஞ்ச வேண்டியிருந்தது.

விடுதலையான நால்வரை லைபோவிட்ஸ் நியூயார்க்குக்கு அழைத்துச் சென்றார். ரயில் நிலையத்தில் பெருங்கூட்டம் வரவேற்றது. சில நாட்களில் அவர்கள் ஹார்லம் பகுதியின் அப்போலோ அரங்கு மேடையில் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கிடையே காட்சிப்பொருளாயினர். அவர்களைத் தூற்றிய ஊரைப்போலவே, போற்றிய ஊரும் அவர்களை மனிதர்களாகப் பார்க்கச் சற்றுத் தவறிவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

எஞ்சியவர்களின் கதை நெஞ்சை அழுத்துவது. ஆண்டி ரைட் 1950-இல்தான் இறுதியாக அலபாமாவின் சிறையை விட்டு வெளியேறினார். பிடிபட்டு அப்போது பத்தொன்பது ஆண்டுகள். பேட்டர்சன் 1948-இல் சிறையிலிருந்து தப்பி மிச்சிகனை அடைந்தார். அம்மாநில ஆளுநர் அவரைத் திருப்பி ஒப்படைக்க மறுத்தார். ஆனால் பின்னர் ஒரு மதுக்கடைச் சண்டையில் ஒருவர் இறக்க, மீண்டும் சிறை சென்று 1952-இல் புற்றுநோயால் மாண்டார். பதின்மூன்று வயதளவில் பிடிபட்ட ராய் ரைட் 1959-இல் தம் மனைவியைக் கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார். இவற்றைக் கேட்டு 'அப்போதே சொன்னோமே' என்று சிலர் தலையசைத்திருக்கலாம். சிறையில் வளர்க்கப்பட்ட சிறுவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்பதே முறை.

மன்னிக்க வேண்டியவர் யார்?

கிளாரன்ஸ் நாரிஸ் 1946-இல் பரோலின் விதியை மீறி அலபாமாவை விட்டு வெளியேறி, முப்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தார். நியூயார்க்கில் தம் சகோதரனின் பெயரைத் தாங்கி உழைத்துப் பிழைத்தார். 1976-இல் அலபாமா அவருக்கு மன்னிப்பு வழங்கியது. ஆணையில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். இனப்பிரிவினை என்றென்றும் நிலைக்கும் என 1963-இல் முழங்கியவர் அவரே. அவர் மாறினார் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் நாரிசுக்கு இழப்பீடு அளிக்கும் முயற்சி மாநிலச் சட்டமன்றத்தில் தோற்றது.

'மன்னிப்பு' என்ற சொல்லை நாம் சற்று நிறுத்தி நோக்க வேண்டும். குற்றம் செய்தவனுக்கு வழங்கப்படுவது மன்னிப்பு. குற்றமற்ற ஒருவனுக்கு அரசு மன்னிப்பு வழங்குகிறது என்றால், அது கேட்க வேண்டியதைக் கொடுப்பதுபோல் நடிக்கிறது. சட்டத்தில் வேறு வழியில்லாதிருக்கலாம். எனினும் முறை தலைகீழாய் நின்றது. மன்னிக்கும் உரிமை நாரிசிடமே இருந்தது. அதை அவரிடம் வேண்டிப் பெறும் கடமை அலபாமாவிடம் இருந்தது.

நாரிஸ் 1989 ஜனவரியில் நியூயார்க்கில் இறந்தார். மூன்று மாதங்கள் கழித்து, ஸ்காட்ஸ்பரோ சிறுவர்களை வரவேற்ற அதே நகரம் தன் சோதனையைச் சந்தித்தது. ஏப்ரல் 19 இரவு சென்ட்ரல் பூங்காவில் ஓடுபயிற்சியில் ஈடுபட்டிருந்த பெண்ணொருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தார். 14 முதல் 16 வயது வரையிலான கறுப்பின, ஹிஸ்பானியச் சிறுவர் ஐவர் பிடிக்கப்பட்டனர். பின்னாளில் நாட்டின் அதிபரான டொனால்டு டிரம்ப், மரண தண்டனையை மீண்டும் கொண்டுவரக் கோரி நான்கு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்தார். மரபணுச் சோதனை அச்சிறுவர்கள் எவரோடும் பொருந்தாதபோதும், நெடுநேர விசாரணையில் காவல்துறை பெற்ற வாக்குமூலங்களைக் கொண்டு 1990-இல் ஐவரும் தண்டிக்கப்பட்டனர்.

2002-இல், வேறு குற்றங்களுக்காகச் சிறையிலிருந்த ஒருவர் தாமே தனியாக அதைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். மரபணுவும் அவருடையதாகவே இருந்தது. டிசம்பர் 19 அன்று தண்டனைகள் நீக்கப்பட்டன. ஆயினும் அடுத்த மாதமே, காவல்துறை அமைத்த குழுவொன்று, அந்த ஐவரும் தாக்குதலில் பங்குகொண்டிருக்கவே கூடும் என அறிக்கை தந்தது. 2014-இல் மாநகரம் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு இசைந்தபோது, அதை அவமானம் என்று டிரம்ப் எழுதினார்.

இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அப்பெண் பட்ட துன்பம் மெய்யானது. ஐவரை விடுவித்தால் அவருடைய துன்பத்தையே மறுப்பதாகும் எனப் பலர் உள்ளூர அஞ்சினர். அந்த இரக்கத்தில் பொய்யில்லை. ஆனால் ஒருவரின் கண்ணீரைத் துடைக்க வேறொருவரின் பிள்ளையைப் பலிகொடுத்தால், கண்ணீர் இரட்டிப்பாகுமே தவிர ஆறாது. உண்மைக் குற்றவாளி வெளியில் நடமாடிய மாதங்களில் வேறு பெண்களும் அவனுக்கு இரையாயினர் என்பதை அந்நகரம் பின்னரே உணர்ந்தது.

காலம் கடந்து வந்த தலைகுனிவு

மனமாற்றம் வராமலே போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. நியூயார்க்கின் ஐவருள் ஒருவரான யூசுஃப் சலாம், 2023-இல் ஹார்லம் பகுதி மக்களால் மாநகர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹார்ட்டனிடமிருந்து வாக்கால் பறிக்கப்பட்டது ஒன்று; வாக்கால் சலாமுக்கு மீட்டுத் தரப்பட்டது ஒன்று.

ஸ்காட்ஸ்பரோவிலும் காலம் அசைந்தது. ஷீலா வாஷிங்டன் என்ற அவ்வூர்க் கறுப்பினப் பெண்மணியின் நெடுநாள் முயற்சியால், 2010-இல் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் அச்சிறுவர்களின் நினைவாக அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இறந்தவர்களுக்கு மன்னிப்பு வழங்க அலபாமாவின் சட்டம் இடம்தராததால், அதற்கெனவே 2013 ஏப்ரலில் புதுச்சட்டம் இயற்றினர். அவ்வாண்டு நவம்பர் 21 அன்று, எஞ்சியிருந்த பேட்டர்சன், வீம்ஸ், ஆண்டி ரைட் மூவரின் பெயர்களும் குற்றப்பழியிலிருந்து நீங்கின. 2017-இல் ஏதென்சின் நீதிமன்றத்தருகே ஹார்ட்டனுக்குச் சிலை எழுப்பப்பட்டது. வாக்கால் அவரை வீழ்த்தியவர்களின் பேரப்பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நின்றிருக்கக் கூடும்.

நீதிமன்றம் ஒரே நாளில் செய்ததை ஊர் செய்ய எண்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஒன்பதுபேரில் ஒருவரும் உயிரோடில்லை. ஊரின் தலைகுனிவைக் காண வேண்டியவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள்.

இவ்வளவும் ஏதோவொரு தொலைநாட்டுக் கதை என்று நாம் ஏட்டை மூடிவிடலாம். ஆனால் விடுதலையாகி வந்த ஒருவனைக் குறித்து, 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று நாமே எத்தனைமுறை சொல்லியிருப்போம்! ஊரில் நாற்பதுபேர் சேர்ந்து மூட்டிய புகைக்கும் அதே பழமொழியைத்தான் சான்றாகக் காட்டுகிறோம். நீதிமன்றம் ஒருவனை விடுவிக்கும் நாளில், அவனைப் பழித்த நம் சொல்லை நாம் திரும்பப் பெறாவிட்டால், அவன் சிறையிலிருந்து மட்டுமே வெளியே வந்திருக்கிறான். நம் வாயிலிருந்து இன்னும் வெளியேறவில்லை. அந்தக் கதவைத் திறக்க எந்த உச்ச நீதிமன்றத்தாலும் இயலாது. அவன் உயிரோடிருக்கும்போதே அதைத் திறந்துவிடுவது நம் கையில் இருக்கிறது.